பசையக்காவும் எட்டாவது ஆளும்

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பசையக்கா எண்ண ஆரம்பித்துவிடுவார். நூலகத்தின் பிள்ளைகள் அறைக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு, வெளியே போகும் ஒவ்வொரு தலையையும் வலது கைச் சுட்டுவிரலால் தட்டுவார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. டேய் துரை, உன்னைத் தட்டியாச்சு, ஜன்னல் வழியா ஏறி மறுபடி வந்தியானா காலைச் சேர்த்து ஒட்டிடுவேன். நாலு." வாசலில் ஒரு நோட்டு கிடக்கும். அதில் பெயர் எழுதாமல் எந்த வாண்டும் உள்ளே நுழைய முடியாது. நோட்டில் பதினான்கு பெயர் என்றால் பதினான்கு தலை வெளியே போக வேண்டும். போகும்.

சில நாள் பதினைந்து போகும்.

அந்த நாட்களில் பசையக்கா யாரையும் அதட்ட மாட்டார். மறுபடி எண்ணவும் மாட்டார். தன் சுட்டுவிரலைப் பார்ப்பார். நுனி ஈரமாக இருக்கும், தலை துவட்டாமல் ஓடிவந்த பிள்ளையைத் தொட்டதுபோல. வெளியே மழை பெய்திருக்காது. விரலைச் சாம்பல் நிற அங்கியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, அறைக்குள் திரும்பிப் பார்க்காமல் விளக்கை அணைத்து, கதவை இழுத்துப் பூட்டுவார். "நின்ன இடத்துல நின்னாத்தானே எண்ண முடியும்" என்று பூட்டிடம் புகார் சொல்லிவிட்டு, நோட்டில் பதினான்கு என்றே எழுதி வைப்பார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு, சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று கேள்வி. மற்றபடி எல்லோருக்கும் அவர் பசையக்காதான். அவரைக் கட்டிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக்கே ஒருநாள் நூலகத்துக்குப் போன் போட்டு, "பசையக்கா இருக்காங்களா?" என்று கேட்டு மாட்டிக்கொண்டார். "ஊருக்கெல்லாம் அக்கா, சரி. உங்களுக்குமா?" என்று அன்று ராத்திரி சோறு கொஞ்சம் தாமதமாக விழுந்ததாம்.

வேலை, கிழிந்த புத்தகங்களை ஒட்டுவது. மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற சரிவில் ஒரு மேசை, ஒரு பசை டப்பா, மழுங்கிய கத்தி, ஒட்டிய புத்தகத்தை இறுக்கி வைக்க இரண்டு பலகை. ஒரு புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார். "இதை எவனோ பிஸ்கட் தின்னுக்கிட்டே படிச்சிருக்கான். ஏழாம் பக்கத்துல பிரிச்சவன் பதினொண்ணுல பாக்கெட்டைக் காலி பண்ணிட்டான்." சொன்னால் சரியாக இருக்கும். விரலில் காய்ந்த பசையைப் பாம்புச் சட்டைபோல உரித்து மேசை ஓரத்தில் போடுவார். பிள்ளைகள் அதைப் பொறுக்கி, "பசையக்கா தோல்" என்று சொல்லி, பயந்த சுபாவமுள்ளவர்களின் பென்சில் பெட்டிக்குள் வைப்பார்கள். ஒருமுறை அவருடைய நாற்காலியிலேயே பசையைத் தடவிவிட்டார்கள். பசையக்கா எழுந்தார், நாற்காலியும் எழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியோடு அலமாரி அலமாரியாக நடந்து புத்தகங்களை அடுக்கி முடித்தார். சிரிக்கக் காத்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

பிள்ளைகளை அவர் கூப்பிடாத பெயர் கிடையாது. துரை, பெரிய மனுஷி, எருமை, ராசா, மந்திரி என்று நாளுக்கொன்று. 'தம்பி' என்று மட்டும் யாரையும் கூப்பிட்டதில்லை. வாயில் வரும், பாதியில் முழுங்கிவிட்டு "ராசா" என்று மாற்றிக்கொள்வார். இன்னொரு விநோதமும் உண்டு. ஒரே ஒரு புத்தகத்தின் முடிவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இரண்டு காதையும் பசைக் கையால் பொத்திக்கொள்வார். அப்புறம் காது மடலில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும்.

அந்தப் புத்தகம் 'மலைக்குள்ளே ஏழு பேர்'. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தெருவைச் சேர்ந்த ஏழு பிள்ளைகள் மழைநீர்க் குழாய்க்குள் தவழ்ந்துபோய் ஒரு மலைக்குள் விழுகிறார்கள். அங்கே எப்போதும் மழை வரப்போகிறது, ஒருநாளும் வந்ததில்லை. வழிகாட்டிப் பலகைகளை எல்லாம் தின்றுவிட்டு, கேட்பவர்களுக்குத் தானே வழி சொல்லும் ஓர் ஆடு இருக்கிறது. தின்ற வரிசையில்தான் சொல்லும், அதனால் யாரும் போக வேண்டிய இடத்துக்குப் போனதில்லை. தூக்கத்தைக் கைமாற்றாகக் கொடுக்கிற ஒரு கிழவி இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணுகிறவர் இருக்கிறார். நீண்ட விரலை நீட்டிச் சாயங்காலம் தோறும் பிள்ளைகளை எண்ணுவார். ஏழு பேரை எண்ணினால் எட்டு வரும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த முகம். புதிதாக ஒருவரும் இல்லை. ஆனாலும் எட்டு.

அந்த எட்டாவது ஆள் யார் என்பதுதான் புத்தகம் முழுக்கக் கேள்வி. அப்பாக்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், "அந்த ஆட்டுப் புக் இருக்கா?" என்று கேட்பார்கள், அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே படிக்க ஆரம்பிப்பார்கள். மகள் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது எனக்கு எடுத்தது!" என்று அழுகிற வரைக்கும் கீழே வைக்க மாட்டார்கள். பெரியவர்களாகி, கல்யாணம் ஆகி, வேறு வேலை நூறு இருந்தும், இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து எங்காவது போனால் ஒருத்தராவது வாய்க்குள் எண்ணிப் பார்ப்பார்.

ஏனென்றால் யாருக்கும் விடை தெரியாது. நூலகத்தில் இருந்த ஒரே பிரதியில் கடைசித் தாள் இல்லை. புத்தகத்தைப் போட்ட நிறுவனம் எப்போதோ மூடிவிட்டதால் வேறு பிரதியும் வரவில்லை. தாள் போன இடத்தில் அந்தக் காலத்துப் பசைக்காரர் ஒருவர் வெறும் வெள்ளைத் தாளை ஒட்டி வைத்தார். வெள்ளைத் தாளைக் கண்டால் பிள்ளைகள் விடுவார்களா? ஆளாளுக்கு எழுதினார்கள். 'எட்டாவது ஆள் ஆடு.' 'இல்லை, கிழவியின் பேரன்.' 'குழாய்.' 'என் அண்ணன், அவன் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வருவான்.' ஒரு தாள் நிறைந்ததும் அடுத்த தாள். வழக்கமே ஆகிவிட்டது. இந்த வேலைக்கு வந்து முப்பத்து மூன்று வருடத்தில் பசையக்கா மட்டும் எட்டுத் தாள் ஒட்டியிருக்கிறார், மொத்தம் பதினொன்று.

பதினொன்றிலும் ஒரு விஷயம் உண்டு. தாள் நிறைகிற நாளில், கடைசி வரிக்கும் கீழே, வலது ஓரத்தில், பச்சைப் பென்சிலில் ஒரு சொல் வந்திருக்கும். 'நான்தான்.' சின்னப் பிள்ளைக் கையெழுத்து. தாளின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படுகிற அளவுக்கு அழுத்தி எழுதியது, வரி கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே போகும். முதல் தாளுக்கும் பதினொன்றாம் தாளுக்கும் நடுவில் நாற்பத்து நாலு வருடம். கையெழுத்து ஒருநாள்கூட வளரவில்லை.

பிள்ளைகளின் குறும்பு என்று பசையக்கா எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாராவது ஒருத்தன் பார்த்து இன்னொருத்தன் எழுதியிருப்பான். பச்சைப் பென்சில் உலகத்தில் ஒன்றா இருக்கிறது? அதட்டினால் மனசு அரை மணி நேரம் கேட்கும். அதற்குமேல் கேட்காது.

புத்தகத்தின் அந்தக் கடைசித் தாளைக் கிழித்தவரே அவர்தான்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. தலையில் ஈரத்துணியோடு படுத்திருந்தவனுக்கு அக்கா இதே நூலகத்திலிருந்து இதே புத்தகத்தை எடுத்துவந்து, நாளுக்கு இரண்டு அத்தியாயம் வாசித்துக் காட்டினாள். ஆடு வரும்போதெல்லாம் அவன் ஆட்டுக் குரலில் இருமுவான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு தாள் பாக்கி. அவனுக்குக் கண் சொருகியது.

"மீதி நாளைக்கு. அக்கா, நான் இல்லாம நீ மட்டும் படிச்சிடக் கூடாது."

"படிக்க மாட்டேன். தூங்குடா."

"சத்தியம்?"

"சத்தியம்டா, எருமை."

விடிந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. பெரியவர்கள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவள் அந்தத் தாளைக் கிழித்தாள். கண்ணை மூடிக்கொண்டே நாலாக மடித்தாள். அவன் சட்டைப் பைக்குள் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன்தான், என்ன, கொஞ்சம் நேரம் பிடிக்கும். பைக்குள் அவன் படம் வரைகிற பச்சைப் பென்சில் துண்டு ஒன்று ஏற்கெனவே கிடந்தது. அந்தச் சட்டையோடுதான் அவனைக் கொண்டுபோனார்கள்.

சத்தியம் சத்தியம்தான். அவன் இல்லாமல் முடிவைப் படிப்பதில்லை. இத்தனை வருடமாக அதைக் காப்பாற்றுவது கஷ்டமாகவும் இல்லை, முடிவுதான் எங்கேயும் இல்லையே. போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தது. பிரித்தவர் நூலகர், முப்பத்தைந்து வயதுக்காரர், இதே ஊர்க்காரர். இரண்டு மாதம் முன்புதான் மாற்றலாகி வந்ததால் பிள்ளைகள் வாயில் "புது சார்".

"அக்கா, இங்க பாருங்க! 'மலைக்குள்ளே ஏழு பேர்' மறுபடி போட்டுட்டாங்க. சின்ன வயசுல படிச்சவங்க எல்லாம் கேட்டுக் கேட்டுப் போட வெச்சிருக்காங்க. முழுசா இருக்கு. பழசு இன்னிக்குச் சாயங்காலம் திரும்பி வருது, கழிச்சிடலாம். ஆறு மணிக்குப் பேப்பர் வண்டி வருது, போட்டுவிட்டுடலாம்."

பேப்பர் வண்டி என்றால் கூழாக்கும் வண்டி. போனால் பதினொரு தாளும் போகும்.

"பழசுக்கு என்ன குறை சார்?"

"கடைசிப் பக்கம் இல்லை, வால் மாதிரி பதினோரு தாள் ஒட்டியிருக்கு, அட்டையில ஆட்டுக்கு ஒரு காது இல்லை. இன்னும் என்னக்கா குறை வேணும்?"

"காது நான் வேணா வரைஞ்சு தரேன்."

புது சார் சிரித்தார். "முதல்ல புதுசுக்கு முத்திரை வையுங்க."

நூலகத்தில் ஒரு புத்தகம் சேர்ந்தால் மூன்று இடத்தில் முத்திரை விழ வேண்டும்: பெயர்ப் பக்கம், நூலகத்தாருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியப் பக்கம், கடைசிப் பக்கம். முதல் இரண்டையும் பசையக்கா வழக்கம்போல வைத்தார். மூன்றாவதற்கு மேசை முன் நெடுநேரம் நின்றார். பிறகு முகத்தை மாடிப்படிப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, பின்னட்டையைத் தடவிப் பிடித்து, தாளைத் திருப்பி, ஓங்கி ஒரு குத்து. அப்படியே மூடிவிட்டார். படிக்கட்டில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது, சின்னக் காலடி. ஏழு வரைக்கும் எண்ணினார். எட்டாவது படி அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. அங்கே நின்றுவிட்டது. இறங்கி யாரும் வரவில்லை.

ஐந்து மணிக்கு வாயாடி வந்தாள். மருந்துக்கடைக்காரர் மகள், பத்து வயது. பழைய பிரதியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மேசையில் தொப்பென்று போட்டாள்.

"பசையக்கா, பேப்பர் ரொம்பிடுச்சு. புதுசு ஒட்டுங்க."

"மெதுவா வையேன்டி, பெரிய மனுஷி. என்ன எழுதினே?"

"எட்டாவது ஆள் நீங்கதான்னு எழுதினேன். தினம் எங்களை எண்றது நீங்கதானே? உங்களை யாரு எண்றா?" சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்கினாள். "ஆனா கீழ பச்சையில யாரோ கிறுக்கியிருக்காங்க. நான் இல்ல. நான் எழுதுறப்போ அந்த இடம் சும்மா இருந்துச்சு. ராத்திரி பூரா என் தலைமாட்டுலதான் இருந்துச்சு, வேற யாரும் தொடலை. காலையில பேப்பர் ஈரமா இருந்துச்சு வேற."

பசையக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினார். தட்டுப்பட்டது.

அந்த நேரம் பார்த்துப் புது சார் புதுப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னக்கா, முப்பத்து மூணு வருஷத்துல உங்க முத்திரை கோணினதே இல்லைம்பாங்க. இது தலைகீழா இருக்கு! அதுவும் சரியா எழுத்து மேலேயே குத்தியிருக்கீங்க."

"கண்ணு தெரியலை சார்."

"பேன் பார்க்கிற கண்ணு உங்களுக்கு." பேசிக்கொண்டே பழைய பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு கையில் 'நீக்கப்பட்டது' முத்திரை தயாராக இருந்தது. தாள்களைப் புரட்டினார், ஐந்தாம் தாளில் நின்றார். காது சிவந்தது. 'எட்டாவது ஆள் எங்கள் கணக்கு வாத்தியார். ஏழு அடி என்று சொல்லி எட்டு அடிப்பார்.' "ஐயோ, இது நான் எழுதினது! ஒன்பது வயசு." ஒரு நிமிடம் அந்த அதிகாரி ஒன்பது வயதாகவே நின்றார். "கடைசி வரைக்கும் தெரியவே இல்லை பாருங்க. எத்தனை நாள் தூக்கம் வராம…" என்று சொல்லிக்கொண்டே புதுப் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

பசையக்காவின் கை காதுக்குப் போனது. புது சார் முத்திரை மைக்கு அடியில் இருந்த எழுத்தைக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். சிரிப்பு நின்றது. பழைய பிரதியின் பச்சை எழுத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, பதினொரு பச்சை எழுத்தையும் பார்த்தார். பசையக்காவின் காதைப் பொத்தியிருந்த கைகளைப் புது சாரே மெதுவாக விலக்கினார்.

"அக்கா, இதை எழுதினது யாரு?"

"தெரியாது சார்."

"யாரா இருந்தாலும் கடைசிப் பக்கம் தெரிஞ்சவங்கதான் எழுதியிருக்கணும். இந்த ஊர்ல அது யார்கிட்ட இருந்துச்சு?"

நாலாக மடித்த ஒரு தாளும் ஒரு சட்டைப் பையும் பசையக்காவின் கண்முன் வந்தன. புதுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தின் மேற்பாதியில் நாலே வரி.

'ஏழு பேரையும் எண்ணி முடித்த நீண்ட விரல் நிற்கவில்லை. பக்கத்தை விட்டு வெளியே நீண்டது. "முதல் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் கூடவே வந்தாயே, உன்னைத்தான் கேட்கிறேன். எட்டாவது ஆள் யார்?" என்று எண்ணுகிறவர் கேட்டார்.'

அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தது. வாசிக்கிற பிள்ளை பதில் எழுதுவதற்கு.

பசையக்கா இரண்டு தடவை படித்தார். வலது ஓரத்தை விரலால் தடவினார். புதுத் தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று வாயாடி பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய.

"திருட்டுப் பய! என்னைச் சத்தியம் பண்ண வெச்சிட்டு அவன் மட்டும் படிச்சிருக்கான் பாருங்க. எத்தனை தடவை எழுதிக் காட்டியிருக்கான். நான்தான் தற்குறியா இருந்திருக்கேன்."

"யாரு பசையக்கா?" என்றாள் வாயாடி.

"எங்க வீட்டு எருமை ஒண்ணு."

புது சார் 'நீக்கப்பட்டது' முத்திரையைத் துடைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். ஆறு மணிக்குப் பேப்பர் வண்டி ஹாரன் அடித்தபோது, "இன்னிக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் பள்ளிகளில் பரீட்சை. அன்று நோட்டில் ஏழே பெயர்கள் இருந்தன. பசையக்கா கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒவ்வொரு தலையாகத் தட்டினார். "ஒண்ணு. ரெண்டு. மூக்கை உறிஞ்சாதே ராசா. மூணு." வாயாடி ஏழாவதாகப் போனாள். தெருவில் ஏழு பேரின் செருப்புச் சத்தமும் திரும்பி மறைந்தது.

பசையக்கா விளக்கை அணைக்கவில்லை. காலி அறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.

"வா தம்பி. நேரமாச்சு."

விரல் ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்ந்து, ஒருமுறை தட்டியது. "எட்டு," என்றார். ஈரம் இருந்தது. அதை அங்கியில் துடைக்காமல், விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.